பிள்ளையைத் தூக்கிச் சுமந்தால் மட்டும் போதாது



கை கால் இழுத்துக்கொண்ட பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் நம் மக்கள் அதற்குச் செய்வது என்ன? காலையில் பிரட்டுக்குப் போகும் முன் எண்ணெய் தேய்த்துவிடுவோம். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, பாயிலோ நாற்காலியிலோ உட்கார வைப்போம். எங்கே போவதானாலும் இடுப்பில் தூக்கிக்கொள்வோம். பிள்ளை எதையாவது எட்டி எடுக்கப் பார்த்தால், "இரு, இரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று ஓடுவோம். எல்லாம் பாசத்தால் செய்வதுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், பிள்ளையின் உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் நம் கையாலேயே போய்விடும்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சுகத்தை விட பலம் தேவை. அந்தப் பலம் பிள்ளை தானே எழுந்து, தானே ஏறி, தானே தூக்கினால்தான் வரும். அதற்குப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. ஒரு பெஞ்சு, ஒரு படி, ஒரு வாளி போதும். ஆனால் பெற்றோருக்கு நேரமும் வழிகாட்டும் ஆளும் கண்டிப்பாக வேண்டும். அந்த இரண்டையும் வாங்கித் தருவது நம் சங்கத்தின் கடமை என்பது என் அபிப்பிராயம்.

இது என்ன நோய்?

டாக்டர்கள் இதற்கு 'செரிபிரல் பால்சி' என்று பெயர் சொல்வார்கள். தமிழில் மூளை முடக்குவாதம் என்று சொல்லலாம். நம்மில் பலர் இதைப் 'போலியோ' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது தவறு. போலியோ ஒரு கிருமியால் நரம்பைத் தாக்கும் நோய். இதில் கோளாறு மூளையில் இருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும் நேரத்திலோ, பிறந்த சில மாதங்களுக்குள்ளோ வளரும் மூளையில் ஒரு பகுதி பழுதடைந்துவிடுகிறது. மாதம் நிறையாமல் பிறப்பது, பிறக்கும்போது மூச்சுத் திணறுவது, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அளவுக்கு மீறி ஏறுவது, மூளைக் காய்ச்சல் ஆகியவை முக்கியமான காரணங்கள். உலகம் முழுவதும் சராசரியாக ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது வருகிறது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர் இதைப் பற்றி விரிவாக எழுதியது 1862ஆம் ஆண்டில். ஆகவே இது புதிய நோயுமல்ல; யாருடைய பாவத்துக்கும் கிடைத்த தண்டனையுமல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் கிடையாது.

மூளையில் ஏற்பட்ட பழுது அப்படியே நிற்கும். நாளுக்கு நாள் கூடாது. ஆனால் உடம்பு அப்படியே நிற்பதில்லை. எலும்பு வளருகிறது, எடை கூடுகிறது, பயன்படுத்தாத தசை சுருங்குகிறது. மூன்று வயதில் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை பதின்மூன்று வயதில் நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் மூளை நோய் முற்றியது அல்ல. உடம்பின் எடை ஏறியது, தசையின் பலம் ஏறவில்லை.

ஆயாக்கொட்டகையில் வேலை செய்யும் ஆயாமார்களும் பாட்டிமார்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாலு மாதம் ஆகியும் தலை நிற்காத குழந்தை, பத்து மாதத்தில் உட்காராத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றக் கையை மூடியே வைத்திருக்கும் குழந்தை, தூக்கினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் குழந்தை, ஒன்றரை வயது ஆகியும் நடக்காத குழந்தை — இவர்களைக் கிளினிக்கில் காட்டியே ஆக வேண்டும். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று ஒரு வருஷத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கனடா நாட்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தப் பிள்ளைகள் கற்கக்கூடிய உட்காருதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றின் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள்ளாகவே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுக்கு மேல் பயனில்லை என்பதல்ல இதன் பொருள். தசையின் பலத்தை எந்த வயதிலும் கூட்டலாம். முன்கூட்டியே தொடங்கினால் லாபம் அதிகம் என்பதே பொருள்.

விறைப்பு மட்டுமல்ல, பலவீனமும்தான்

இந்தப் பிள்ளைகளின் காலைத் தொட்டால் கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அதனால் 'இந்தக் கால் ரொம்ப பலமாக இழுக்கிறது, இதைத் தளர்த்தினால் போதும்' என்று நினைக்கத் தோன்றும். நாம் மட்டுமல்ல, படித்த டாக்டர்களும் சிகிச்சையாளர்களும் அப்படித்தான் வெகுகாலம் நினைத்தார்கள். லண்டனில் பெர்த்தா போபாத் என்ற அம்மையாரும் அவர் கணவர் டாக்டர் காரல் போபாத்தும் 1940களிலிருந்து வகுத்த முறை உலகமெங்கும் பரவியது. அந்த நாளில் பரவியிருந்த கருத்து யாதெனில், இப்படிப்பட்ட பிள்ளையை முக்கி முனகி பலத்தைக் காட்டவிட்டால் விறைப்பு இன்னும் கூடிவிடும் என்பதே. ஆகவே சிகிச்சையாளர் பிள்ளையைப் பிடித்து, அசைத்து, தளர்த்திவிடுவதே முக்கிய வேலையாக இருந்தது. எடை தூக்குவது கூடவே கூடாது என்று சொல்லி வந்தார்கள்.

1990களில் இந்தப் பயம் உடைந்தது. அமெரிக்காவில் டயான் டமியானோ என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தப் பிள்ளைகளின் தசை பலத்தை அளந்து பார்த்தார்கள். விறைத்துக் கிடக்கும் தசை உண்மையில் பலவீனமான தசை என்பது தெரிந்தது. காலில் எடை கட்டி முறையாகப் பயிற்சி கொடுத்தபோது பலம் கூடியது. பயந்தபடி விறைப்பு கூடவில்லை. பிறகு பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளும் இதையே காட்டின.

ஆகவே, "பாவம் புள்ள, அத எதுக்குப் போட்டு வதைக்கிறீங்க?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது: வதை வேறு, வேலை வேறு. வெறும் வயிற்றோடு பத்து மணி நேரம் வேலை வாங்கினால் அது வதை. வயிறாரச் சாப்பிட்டு, இருபது நிமிஷம், தன்னால் முடிந்ததை விடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் அது பயிற்சி. புதிதாகக் குலை வெட்டப் போகும் வாலிபன் முதல் மாதம் தோள் வலியால் தூங்கமாட்டான். ஆறு மாதத்தில் அதே அலக்கு அவன் கையில் லேசாகிவிடுகிறது. கம்பின் எடை குறையவில்லை, அவன் உடம்புக்குப் பலம் வந்துவிட்டது. நம் பிள்ளையின் தசைக்கும் அதே நியாயம்தான்.

எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு இதமாக இருக்கும், பிள்ளை நன்றாகத் தூங்கும். ஆனால் மற்றவர் தேய்ப்பதால் ஒரு தசைக்கும் பலம் ஏறாது. உழைக்கிற தசைக்குத்தான் பலம் ஏறும்.

எதற்காகப் பலம்?

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சும்மா எடை தூக்கினால் பிள்ளை நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 14 வயது முதல் 22 வயது வரையுள்ள 48 இளைஞர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பாதியினர் 12 வாரம் ஜிம்முக்குப் போய்க் காலால் எடை தள்ளினார்கள். கால் பலம் கூடியது. ஆனால் நடை பெரிதாக மாறவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், பலம் வீண் என்பதல்ல. எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையைச் செய்தே பலம் ஏற்ற வேண்டும். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் எழுந்து எழுந்து பழக வேண்டும். பஸ் படி ஏற வேண்டுமானால் படி ஏறிப் பழக வேண்டும். இதைத்தான் இன்று 'வேலைக்கு உதவும் பலப்பயிற்சி' என்ற கருத்தில் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலேயே 2003இல் வெளியான இன்னொரு சிறு ஆய்வில், நாலு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் சிலரைக் கூட்டமாகச் சேர்த்து, வாரம் இரண்டு முறை வீதம் நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, நடப்பது என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு வேலை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து செய்தார்கள். பலமும் கூடியது, நடையும் படி ஏறுவதும் முன்னேறின. பயிற்சி முடிந்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. தைவானில் 2007இல் வெளியான ஆய்வில் பிள்ளைகளுக்கு எடை வைத்த மேற்சட்டையைப் போட்டுவிட்டு, வீட்டிலேயே, வாரம் மூன்று முறை, ஆறு வாரம் உட்கார்ந்து எழ வைத்தார்கள். அவர்களுக்கும் உடல் இயக்கம் மேம்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில் என்பதைக் கவனியுங்கள்.

செலாயாங்கில் குடியிருக்கும் எனக்குப் பத்துமலை பக்கம். தைப்பூசத்தன்று வளர்ந்த பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு 272 படியும் ஏறும் தகப்பன்மார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேர்த்திக்கடனை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த 272 படியிலும் பலம் ஏறுவது தகப்பனின் காலுக்குத்தான், பிள்ளையின் காலுக்கு அல்ல. பிள்ளை தன் காலால் ஏறக்கூடிய படி வீட்டு வாசலில் இருக்கும் ஒற்றைப் படி. அந்த ஒரு படியை அவன் ஏற விடுங்கள் என்பதே நான் கேட்பது.

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவர் சொல்வதுதான் முடிவு. கீழே நான் சொல்வது பிடித்துக்கொண்டாவது நிற்கக்கூடிய, சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகளுக்கு.

முதலாவது, உட்கார்ந்து எழுவது. சாயாத பெஞ்சு ஒன்றைச் சுவரோரமாகப் போடுங்கள். பிள்ளை உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முழங்காலுக்கு மேல் வரும்படி முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். இழுத்தால் வேலை செய்வது நீங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காரட்டும். மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு நல்ல வேலை. உயரமான பெஞ்சில் எழுவது சுலபம், தாழ்ந்த மணையில் எழுவது கஷ்டம். ஆகவே உயரத்தில் தொடங்கித் தாழ்த்திக்கொண்டே வாருங்கள்.

இரண்டாவது, படி ஏறுவது. மூன்று அங்குல உயரத்தில் ஆடாத பலகை போதும். ஒரு கையால் சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு ஒரு காலால் ஏறி, இறங்க வேண்டும். அடுத்து மற்றக் கால். பலவீனமான காலை விட்டுவிட்டு நல்ல காலாலேயே எல்லா வேலையையும் முடிக்கப் பார்ப்பான். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தள்ளுவது, தூக்குவது. ஹாலில் ஒரு நாற்காலியின் மேல் அரிசிப் பையை வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளச் சொல்லுங்கள். நடக்கும் பிள்ளையானால் சின்ன வாளியில் கால்வாசித் தண்ணீர் எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றட்டும். கொட்டினால் கொட்டட்டும்.

நான்காவது, கை. துவைத்த சட்டையைப் பிழியட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், மைலோ டின்னைப் பிடித்து மூடியைத் திறக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளையானால், நல்ல கைக்கு ஒரு உறையை மாட்டிவிட்டு, பாதித்த கையால் விளையாடச் சொல்லும் முறை ஒன்று உண்டு. பலன் தரும் முறை என்று நிரூபணமானது. ஆனால் எத்தனை நேரம், எத்தனை நாள் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கணக்கு மிக முக்கியம். ஒரு சுற்றுக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை. பிறகு ஒன்றிரண்டு நிமிஷம் ஓய்வு. இப்படி இரண்டு மூன்று சுற்று. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு தடவை பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முறை கெடக்கூடாது. பத்துத் தடவையும் சுலபமாக வந்துவிட்டால், பலம் ஏறுவது அங்கேயே நின்றுவிடும். அப்போது பெஞ்சைத் தாழ்த்துங்கள். அல்லது சிகிச்சையாளர் சம்மதித்தால் அரை கிலோ பச்சைப் பயறு பையை முதுகுப் பையில் போட்டு மாட்டிவிடுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பழைய காலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி, செய்த நாளில் எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தாலே பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும்.

என்ன வேலைக்காகப் பயிற்சி என்பதைப் பிள்ளையையே கேளுங்கள். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், ஏழு வயது, "எனக்கு பெஞ்சு ஏறி ஜன்னல்ல எட்டிப் பாக்கணும், பந்து விளையாடறத பாக்கணும்" என்றான். நடக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அவன் தாயார் அதையே பயிற்சியாக வைத்தார். நாலு மாதத்தில் பெஞ்சில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்றும் நாற்காலி வண்டியில்தான் ஸ்கூலுக்குப் போகிறான். ஆனால் வண்டியிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்கிறான், கக்கூஸுக்குத் தானே போகிறான். அவன் தாயாரின் முதுகு தப்பியது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள், முப்பது கிலோ பிள்ளையை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கக்கூஸுக்குத் தூக்கிப் பார்க்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அல்ல. கனடாவில் 1997இல் வகுத்த முறைப்படி இந்தப் பிள்ளைகளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் உள்ளவர் ஓடவும் செய்வார். ஐந்தாம் படியில் உள்ளவருக்குத் தலை நிற்பதே கஷ்டம். நான்காம், ஐந்தாம் படிப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன பயிற்சி அப்படியே பொருந்தாது. அவர்களுக்குச் சரியான நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதும், தாங்கியோடு நிற்பதும், சாப்பாடு புரையேறாமல் ஊட்டுவதும்தான் முதல் வேலை. அதோடு இடுப்பு மூட்டு. நிற்காத, நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும். வலி வரும் வரை காத்திருக்காமல், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரை நீங்களாகவே கேளுங்கள்.

பயிற்சியின்போது மூட்டில் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். தசை களைப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. காய்ச்சல் நாளில் பயிற்சி வேண்டாம். வலிப்பு வரும் பிள்ளையானால் மருந்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மடங்கிய காலை முரட்டுத்தனமாக இழுத்து நிமிர்த்தக் கூடாது. 'மூணு மாசத்துல நடக்க வைக்கிறேன்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும், பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் டிரசரையோ டாக்டரையோ கேளுங்கள். முக்கியமாக, பிள்ளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். முட்டை, மீன், பருப்பு இல்லாமல் தசை வளராது.

யார் செய்வது? எப்போது செய்வது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "சொல்றது சுலபம் டிரசரய்யா, விடியக்காலம் போயி மத்தியானம் வந்து விழுறவங்களுக்கு நேரம் எங்க இருக்கு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பதில் சொல்வேன்.

முதல் பதில் வீட்டுக்கு. இந்தப் பாரம் முழுவதையும் தாய் ஒருத்தியின் தலையில் கட்டுவது அநியாயம். தகப்பன் இருக்கிறார், அண்ணன் அக்கா இருக்கிறார்கள். டிவி பார்க்கிற நேரத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பத்துத் தடவை எழவைத்தால் ஒரு சுற்று முடிந்தது. நேரம் இல்லை என்று சொல்லும் ஆண்கள் இதற்காவது பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பதில் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும். ஒரு தாய் என்னிடம் சொன்னது: பிள்ளைக்கு பிசியோ அப்பாயின்மெண்ட் மாதம் இரண்டு நாள். தோட்டத்தில் அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். போகவர வாடகைக் காருக்கும் செலவு. மூன்று மாதம் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக் கார்டில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத அதில் இடமில்லை.

வசதியே இல்லாத நாடு அல்ல நம் நாடு. 1999இல் திறந்த செலாயாங் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. செராஸில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே 2012இல் தனி அரசாங்க ஆஸ்பத்திரி திறந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஸ்பாஸ்டிக் பிள்ளைகள் சங்கம் நீண்ட காலமாக இயங்கி வருகிறது. சமூக நல இலாகாவின் 'பிடிகே' என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியிருக்கிறது. அங்கே பிள்ளைகளைச் சேர்க்கலாம். வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் முறையும் அந்தத் திட்டத்தில் உண்டு. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பதிந்து 'ஓகேயூ' கார்டு எடுத்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டண விலக்கு கிடைக்கும், மற்ற உதவிகளுக்கும் வழி திறக்கும். கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பவர்கள் நம்மில் அதிகம். வெட்கத்தால் நஷ்டப்படுவது பிள்ளை. 2019 முதல் எந்தக் குறையுள்ள பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வசதி இருக்கிறது, தோட்டத்துக்கும் அதற்கும் நடுவில் பாதை இல்லை. அந்தப் பாதையைப் போட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊரில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவரே 1975இல் கழுத்து நரம்பில் அடிபட்டு, கை கால் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருப்பவர். இன்று அந்தச் சங்கத்தின் ஊழியர்கள், பெரும்பாலும் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், தாய்மார்களுக்கும் கற்றுத் தருகிறார்கள். பிசியோதெரபிஸ்டுகள் கைப்பேசி வழியாக அந்த ஊழியர்களுக்கு வழி சொல்கிறார்கள். வயல் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது சாத்தியமானால், நமக்கு ஏன் சாத்தியமாகாது?

ஆகவே நம் சங்கம் எடுத்துப் பேச வேண்டிய கோரிக்கைகள் நான்கு என்று கருதுகிறேன்.

ஒன்று: 'ஓகேயூ' பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இது ஒரு ஷரத்தாக வர வேண்டும்.

இரண்டு: வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 1-1-2023 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தொழிலாளி தன் வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கூட்டு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் விண்ணப்பம் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும் என்கிறேன்.

மூன்று: ஆஸ்பத்திரி நாளுக்குத் தோட்டத்து வேன். நான்கைந்து குடும்பத்துக்கு ஒரே நாளில் அப்பாயின்மெண்ட் போட்டுத் தரும்படி ஆஸ்பத்திரியைக் கேட்பதைத் தோட்டத்து கிளினிக்கில் உள்ள நாங்கள் செய்யலாம்.

நான்கு: ஆயாமார்களுக்குப் பயிற்சி. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு ஆயாக்களை பிடிகே-யில் சில வாரம் பழக்கிவிட்டால் போதும், பகலில் பெற்றோர் வேலையில் இருக்கும்போது இந்தப் பயிற்சியை அவர்களே நடத்துவார்கள்.

இவற்றில் எதுவும் பெரிய பணம் கேட்கும் கோரிக்கை அல்ல. 'பத்து வீட்டில் ஒரு வீட்டுப் பிரச்சினை கூட இல்லையே, இதற்குப் போய் பேச்சுவார்த்தையா?' என்று சங்கத்துக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு. இருபது வீட்டில் ஒரு வீடானாலும் அது நம் அங்கத்தினர் வீடுதான். சந்தா எல்லாரிடமும் ஒரே மாதிரிதானே வாங்குகிறோம்?

தாய்மார்களே, சங்கம் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். பிசியோவுக்குக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். மற்றத் தோட்டங்களில் உங்கள் டிரசர் எழுதித் தருவார். கார்டு எடுக்காதவர்கள் கோம்பாக் மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ உங்கள் மாவட்ட அலுவலகத்திலோ பாரம் வாங்குங்கள். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய பகுதியை ஆஸ்பத்திரியிலேயே முடித்துக்கொள்ளலாம். கிளைத் தலைவர்கள் தங்கள் தோட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வர வேண்டுகிறேன். கணக்கு கையில் இருந்தால்தான் மேசையில் பேச முடியும்.



— தோட்ட மருத்துவ உதவியாளர், செலாயாங்